ட்ரிக்குக்குக் கிடைக்கும் கைதட்டலும் கமராவுக்குக் கிடைக்காத கருத்தும்

ஸ்கேட்போர்டிங் காணொளி எடுப்பவர்களுக்கு மற்ற ஒளிப்பதிவாளர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. நண்பன் ஒருவன் நாள்கணக்கில் விழுந்து எழும்பி, கடைசியில் ஒரு படிக்கட்டின் மேலிருந்து கிக்ஃபிளிப் (துள்ளும்போது பலகையைக் காலால் சுழற்றிவிட்டுத் திரும்ப அதன்மேல் இறங்குவது) செய்து இறங்குகிறான். அதை நாம் படம் பிடித்து, வெட்டி, கோத்து, பாட்டுச் சேர்த்து நாலு பேருக்கு அனுப்புகிறோம். "அருமை", "வேற லெவல்" என்று பதில்கள் வந்து குவிகின்றன. அந்தப் பாராட்டு முழுவதும் பலகையின் மேல் நின்றவனுக்கு உரியது. கமரா எங்கே நின்றது, பலகை காலை விட்டுப் பிரிந்து திரும்பவும் காலில் வந்து சேரும் அந்த அரை விநாடி கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்ததா, இறங்கிய பிறகு அவன் உருண்டு போவதை நாம் போதுமான நேரம் காட்டினோமா என்ற கேள்விகள் எதற்கும் அதில் பதில் கிடையாது. மோசமாக எடுத்த நல்ல ட்ரிக்குக்கும் கைதட்டல் வரும். மிக நன்றாக எடுத்த எளிய ஆலியை (கை படாமல் பலகையோடு துள்ளி எழுவது) பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆகையால் பொழுதுபோக்காக இந்த வேலையைச் செய்கிற ஒருவர், பாராட்டுக் கிடைத்துக்கொண்டே இருந்தும், ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றுவிட முடியும். தன் ஒளிப்பதிவைப் பற்றிய கருத்தை அவர் தேடிப் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. யாரிடம், எப்போது, எந்தக் கேள்வியோடு போக வேண்டும் என்பதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

நான் லண்டனில், தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள சவுத்பேங்கில் நண்பர்களைப் படம் பிடித்து வருகிறேன். எந்த நிறுவனத்துக்காகவும் எடுப்பதில்லை; ஓய்வு நாள்களில் கையில் கமராவும் காலடியில் பலகையுமாகத் திரியும் பலரில் ஒருவன். என் கிளிப்புகளை மற்றவர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பது பழைய வழக்கம். அண்மைக் காலமாக என்னைவிட இளையவர்களும் தாங்கள் எடுத்தவற்றை எனக்கு அனுப்புகிறார்கள். அவர்களில் உள்ள தமிழ்ப் பிள்ளைகள் "அண்ணா, பார்த்துச் சொல்லுங்கோ" என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்புவார்கள். கேட்பவனாகவும் சொல்பவனாகவும் இருந்து பார்த்ததில், இந்தக் கலையில் கருத்துப் பரிமாற்றம் எங்கே தடுக்கி விழுகிறது என்பது ஓரளவு புரிந்திருக்கிறது.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒளிப்பதிவைப் பற்றிய எந்தக் கருத்தும் இடத்தோடு ஒட்டியே அர்த்தம் பெறுகிறது. சவுத்பேங்கில் ஸ்கேட்டர்கள் கூடுவது, 1967-இல் திறக்கப்பட்ட குயின் எலிசபெத் ஹால் என்ற இசை அரங்கின் அடித்தளத்தில். 1970களிலிருந்து அங்கே பலகைகள் உருண்டுகொண்டிருக்கின்றன. 2013-இல் அந்த இடத்தைக் கடைகளுக்காக மாற்றிவிட்டு ஸ்கேட்டர்களை அருகிலுள்ள பாலத்தடிக்கு அனுப்பும் திட்டம் வந்தபோது, "லாங் லிவ் சவுத்பேங்க்" என்ற இயக்கம் எழுந்தது. 2014-இல் ஸ்கேட்டர்கள் அங்கேயே இருக்கலாம் என்று உடன்பாடு ஏற்பட்டது. நெடுநாள் அடைக்கப்பட்டுக் கிடந்த ஒரு பகுதியும் 2019-இல் திருத்தப்பட்டுத் திறந்துவிடப்பட்டது. தாழ்ந்த கொங்கிரீட் கூரை, மேலே விரிந்து காளான்போல் நிற்கும் தூண்கள், சாய்ந்த சரிவுகள், சுவர் முழுவதும் வண்ணப்பூச்சு எழுத்துகள், இவற்றுக்கு அப்பால் ஒரு கம்பித் தடுப்பு, அதற்கும் அப்பால் நடைபாதையும் நதியின் வெளிச்சமும். உள்ளே அரை இருட்டு, வெளியே பகல். ஸ்கேட்டர் தூண்களுக்கிடையே தொடங்கி நடைபாதைப் பக்கமாக உருண்டு வரும்போது, தானியங்கி ஒளியளவில் விடப்பட்ட கமரா நடுவழியில் தடுமாறும். ட்ரிக் நடக்கும் கணத்திலேயே முகமும் பலகையும் கறுத்துப் போகும், அல்லது பின்னணி வெளுத்துப் போகும்.

அங்கே எடுத்த கிளிப்புகளில் அடிக்கடி காணப்படும் இன்னொரு குறையை எடுத்தவர்களால் பெயர் சொல்லிக் கேட்கக்கூட முடிவதில்லை. "படம் ஏதோ துடிக்கிறது, கமரா பழுதோ?" என்பார்கள். பிரித்தானியாவின் மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சி. அதோடு சேர்ந்து துடிக்கும் விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மங்கித் தெளிகின்றன. 50-இல் ஒரு பங்கு விநாடி, அல்லது 100-இல் ஒரு பங்கு விநாடி என்று ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது ஒவ்வொரு தனிப் படத்துக்கும், ஒளி விழும் நேரத்தை) வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கும். விநாடிக்கு 60 ஃபிரேம், 60-இல் ஒரு பங்கு ஷட்டர் என்று அமெரிக்கக் கணக்கில் வைத்துவிட்டால் ஃபிரேமுக்கு ஃபிரேம் வெளிச்சம் மாறும். திரையில் பட்டைகள் ஓடும். கமராவில் ஒரு பழுதும் இல்லை. பலரும் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள், அங்கே மின்னோட்டம் 60 சுழற்சி என்பதால் அந்த அமைப்பு அங்கே பொருந்துகிறது. இப்படிப்பட்ட குறைகளைச் சொல்வது மிக எளிது. சொன்ன அன்றே தீர்ந்துவிடும். ரசனை பற்றிய கருத்துகளோடு இவற்றைக் கலக்காமல் முதலில் தனியாகச் சொல்லி முடித்துவிடுவது என் வழக்கம்.

இனி, ஒரு கிளிப்பை அருகில் வைத்துப் பார்ப்போம். கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞன் அனுப்பியது; பழைய ஹான்டிகாமில் ஃபிஷ்ஐ லென்ஸ் (மிக அகலமாகவும் வளைந்தும் காட்டும் லென்ஸ்) மாட்டி, தானும் பலகையில் ஏறி, நண்பனைத் தொடர்ந்து சென்று எடுத்த ஒரு லைன், அதாவது நிற்காமல் அடுத்தடுத்துச் செய்யும் ட்ரிக்குகளின் தொடர். நண்பன் தூண்களுக்கிடையிலிருந்து வருகிறான், சமதளத்தில் ஒரு கிக்ஃபிளிப், காலால் தரையில் இரண்டு தள்ளு, சரிவில் ஏறி உடம்பைத் திருப்பி இறங்குகிறான், கடைசியில் ஒரு தாழ்ந்த கொங்கிரீட் கட்டையைத் தாண்டி ஆலி. மொத்தம் கால் நிமிடம்கூட இல்லை. "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டிருந்தான்.

முதல் தடவை பார்க்கும்போது எனக்கும் கண் ஸ்கேட்டர் மேலேதான் போனது. அதைத் தவிர்க்க முடியாது. அதனால் இரண்டாம் தடவை கட்டைவிரலால் ஸ்கேட்டரை மறைத்துக்கொண்டு பார்ப்பேன். விரல் திரையில் எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருக்கிறது என்பதைக் கொண்டே, எடுத்தவர் ஸ்கேட்டரை எவ்வளவு ஒழுங்காகப் பின்தொடர்ந்தார் என்பது தெரிந்துவிடும். தூண்கள் நேராக நிற்கின்றனவா, தரை ஒரு பக்கம் சரிகிறதா, பின்னால் யாரோ முதுகுப்பையோடு குறுக்கே போகிறார்களா என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். மூன்றாம் தடவை திரையைக் கவிழ்த்து வைத்து ஒலியை மட்டும் கேட்பேன்.

அந்தக் கிளிப்பில் ஒலி மிக நன்றாக இருந்தது. சக்கரங்கள் கொங்கிரீட்டில் உருளும் இரைச்சல், பலகையின் வால் தரையில் அடிக்கும் ஓசை, இறங்கும்போது நான்கு சக்கரமும் ஒன்றாகப் பதியும் ஓசை மூன்றும் தனித்தனியாகக் கேட்டன. எடுத்தவனுடைய சக்கரங்களின் ஓசை கேட்கவே இல்லை. அவன் தன் பலகைக்கு மென்மையான, சற்றுப் பெரிய சக்கரங்களைப் போட்டிருந்தான். ட்ரிக் செய்பவர்கள் விரும்பும் கடினச் சக்கரங்கள் கரடுமுரடான தரையில் கமராவையும் உலுக்கும், ஒலியையும் கெடுக்கும். இதை அவன் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்திருந்தான். அதை முதலில் எழுதினேன். பாராட்டாக மட்டும் எழுதவில்லை, இனியும் கைவிடக் கூடாத ஒன்று என்று அவனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

குறைகள் வேறு இடத்தில் இருந்தன. நாலாவது விநாடியில் வரும் கிக்ஃபிளிப்பில் ஸ்கேட்டர் மிகச் சிறியவனாகத் தெரிந்தான். ஃபிஷ்ஐ லென்ஸின் இயல்பு அப்படி: கையெட்டும் தூரத்தில் உள்ளதைப் பெரிதாக்கும், அதைத் தாண்டியதைச் சட்டென்று சுருக்கிவிடும். தொலைவிலிருந்து எடுக்க உதவும் நீளக் குவிய லென்ஸில் ஒரு மீட்டர் விலகினால் பெரிதாக ஒன்றும் மாறாது. ஃபிஷ்ஐயில் அந்த ஒரு மீட்டர் ட்ரிக்கையே விழுங்கிவிடும். எடுத்தவன் ஏன் பின்தங்கினான் என்று திரும்பத் திரும்பப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. நண்பன் தள்ளி முடித்த பிறகே இவன் தள்ளத் தொடங்குகிறான். நண்பனுடைய கால் தரையில் படும்போதே தன் காலும் பட வேண்டும். அப்போதுதான் இருவருக்கும் இடையிலுள்ள தூரம் ஒரே அளவாக இருக்கும். ஒன்பதாவது விநாடியில், சரிவின் உச்சியில், கமரா முகத்தை நோக்கி நிமிர்ந்துவிட்டது. பலகையின் முன் சக்கரங்கள் ஃபிரேமுக்கு, அதாவது படத்தின் எல்லைக்கு, கீழே போய்விட்டன. நம் கண் இயல்பாக முகத்தைத் தேடும். கமராவோ காலைத் தேட வேண்டும். ஃபிஷ்ஐயில் பலகையைக் குறிவைத்தால் தலை தானாகவே ஃபிரேமுக்குள் வந்து சேர்ந்துவிடும். கடைசி ஆலியில் நண்பன் இறங்கியதுமே கமரா கீழே சரிகிறது. எடுத்தவன் மகிழ்ச்சியில் கூவ ஓடிவிட்டான் என்பது புரிகிறது. ஆனால் நண்பன் சரியாக இறங்கினானா, இறங்கித் தடுமாறி நின்றானா என்பது அதற்கடுத்த இரண்டு விநாடிகளில்தான் உறுதியாகும். ஸ்கேட்டிங்கில் இறங்குவது ட்ரிக்கின் முடிவாகாது, உருண்டு போவதுதான் முடிவு.

இந்த மூன்றையும் நான் ஒரே கடிதத்தில் எழுதவில்லை. தள்ளுவதைப் பற்றி மட்டும் எழுதி, அடுத்த வாரம் அதே லைனை அதே இடத்தில் திரும்ப எடுக்கச் சொன்னேன். பலகையில் ஓடிக்கொண்டு, கீழே குனிந்து, விலையுயர்ந்த லென்ஸை இன்னொருவன் காலருகே பிடித்துக்கொண்டிருப்பவனால் ஒரே நேரத்தில் மூன்று அறிவுரைகளை நினைவில் வைத்திருக்க முடியாது. எழுதுகிறவருக்கோ, நாடகம் இயக்குகிறவருக்கோ பத்துக் குறிப்புகள் கொடுக்கலாம். அவர்கள் ஆற அமர இருந்து திருத்துவார்கள். இங்கே திருத்தம் உடம்பில் நடக்க வேண்டும். அவனுடைய பதில் "எந்த லென்ஸ் வாங்கலாம், அண்ணா?" என்று வந்தது. இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம் என்று எழுதினேன்.

லென்ஸ் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்கேட் காணொளி எடுப்பவர்கள் கூடினால் பேச்சு கருவிகளில்தான் போய் நிற்கும். அதற்கு ஒரு வரலாறும் உண்டு. சோனி நிறுவனம் 1995-இல் கொண்டுவந்த விஎக்ஸ்1000 என்ற கமரா, மினிடிவி என்ற சிறிய டிஜிட்டல் நாடாவில் பதிவு செய்வது, மேற்புறத்தில் கைப்பிடி உள்ளது. அந்தக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தரையை உரசுவதுபோலத் தாழ்வாகப் பிடித்துச் செல்லலாம்; செஞ்சுரி ஆப்டிக்ஸ் நிறுவனத்தின் ஃபிஷ்ஐயை அதில் மாட்டினால் ஃபிரேமின் மூலைகள் கறுத்து வளையும்; அதன் மைக் பலகையின் ஓசையைக் கூர்மையாகப் பிடிக்கும். ஒரு தலைமுறை முழுவதும் ஸ்கேட்போர்டிங்கை அந்தப் படத்திலும் அந்த ஒலியிலும்தான் அறிந்துகொண்டது. இன்றும் பலர் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து அதையே பயன்படுத்துகிறார்கள். நானும் அந்தப் படத்தை மனமார நேசிக்கிறேன். ஆனாலும், சக ஒளிப்பதிவாளரிடம் கருத்துக் கேட்கப் போனால், பெரும்பாலும் கருவி மாற்றும் ஆலோசனையே கிடைக்கும் என்பதை எதிர்பார்த்துத்தான் போக வேண்டும். அவர்களிடமிருந்து பெற வேண்டிய பெறுமதியான விடயம் வேறு: எங்கே நிற்பது. ஒரு படிக்கட்டைக் காட்டி, "நீங்கள் என்றால் எங்கே நின்றிருப்பீர்கள், ஏன்?" என்று கேட்டால் பேச்சு உடனே மாறும். படிகளை எண்ணக்கூடிய கோணம் எது, ஸ்கேட்டரின் நெஞ்சு திரும்பும் பக்கம் எது, அவன் ஓடிவரும் தூரம் தெரிய வேண்டுமானால் எவ்வளவு பின்னால் போக வேண்டும் என்று அவர்கள் கைகளால் காற்றில் வரைந்து காட்டத் தொடங்குவார்கள். அந்த அரை மணி நேரத்தில் கிடைப்பது எந்தக் கையேட்டிலும் கிடைக்காது.

ஸ்கேட்டரிடம் கருத்துக் கேட்பது இன்னொரு வகை. அவன் திரையில் தன்னை மட்டுமே பார்ப்பான். கை எப்படித் தூக்கியிருக்கிறது, பின்கால் பலகையின் வாலில் பதிந்ததா, இறங்கும்போது கை தரையைத் தொட்டதா என்று பார்ப்பான். கமராக் கோணத்தைப் பற்றி அவனிடம் கேட்டுப் பயனில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. எந்த முயற்சியை வெளியிடுவது என்பதில் கடைசிச் சொல் அவனுடையது. நமக்கு ஒளி நன்றாக விழுந்த முயற்சி பிடித்திருக்கும், அவனுக்கோ அதில் தோள் கோணலாகத் தெரியும். உடம்பு அவனுடையது, வலியும் அவனுடையது. விழும் காட்சிகளைச் சேர்ப்பதிலும் அப்படியே; விழுந்தது பார்ப்பவர்களுக்கு விறுவிறுப்பாக இருக்கலாம், ஆனால் அவன் வேண்டாம் என்றால் அது எடிட்டில் (வெட்டிக் கோத்த காணொளியில்) இருக்கக் கூடாது. ஆகவே ஸ்கேட்டரிடம் எடிட்டைக் காட்டுவதற்கு முன்னால், வெட்டாத கிளிப்புகளையே காட்டிவிடுவது நல்லது. பாட்டோடு கோத்த பிறகு காட்டினால், ஏற்கெனவே முடிந்துபோன ஒன்றைக் குலைப்பதற்கு அவன் தயங்குவான்; தயக்கத்தில் சம்மதிப்பான்; பிறகு மனம் புழுங்குவான்.

மூன்றாவது வகையினரை நான் மிகவும் மதிக்கிறேன்: ஸ்கேட்டிங்கைப் பற்றி ஒன்றுமே அறியாதவர்கள். லண்டனின் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் என் மாமி தேநீரோடு வந்து உட்கார்ந்து, ஒரு கிளிப்பை முழுக்கப் பார்த்துவிட்டு, "அவன் என்னத்துக்கு மேலாலை பாய்ஞ்சவன் எண்டு எனக்கு விளங்கேல்லை, தம்பி" என்றார். கைப்பிடிக் கம்பியைத் தாண்டும் காட்சி அது. எடுக்கப்பட்டதோ கம்பியின் நுனிக்கு நேர் எதிரே நின்று. நேர் எதிரே நின்றால் கம்பி ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும். அதன் நீளமும் சரிவும் மறைந்துபோகும். ஸ்கேட்டர்கள் எவரும் அதைச் சொல்லவில்லை, ஏனென்றால் அந்தக் கம்பியை அவர்கள் எல்லோரும் நேரில் பார்த்திருக்கிறார்கள்; படத்தில் இல்லாததை நினைவிலிருந்து நிரப்பிக்கொண்டார்கள். மாமிக்கு நிரப்ப ஒன்றும் இல்லை. படம் காட்டியதை மட்டுமே அவர் பார்த்தார். தடையின் உயரமும் நீளமும் ஸ்கேட்டிங் அறியாத ஒருவருக்குப் புரிந்தால், உலகின் வேறு மூலையில் அந்த இடத்தை அறியாத ஸ்கேட்டருக்கும் புரியும்.

யாரிடம் கேட்டாலும், "எப்படி இருக்கு?" என்ற கேள்வியை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது நல்ல மனம் கொண்டவர்களைப் பொய் சொல்ல வைக்கிறது; மற்றவர்களைப் பொதுப்படையாகப் பேச வைக்கிறது. அதற்குப் பதில், பார்த்து முடித்தவரிடம் முதலில் என்ன நினைவிருக்கிறது என்று கேட்கலாம். எந்த இடத்தில் சலிப்புத் தட்டியது, எந்த ட்ரிக் என்ன என்று பிடிபடவில்லை, எங்கே பின்னால் இழுத்துத் திரும்பப் பார்க்கத் தோன்றியது என்று கேட்கலாம். ட்ரிக்கின் அருமையால் பின்னால் இழுத்தார்களா, முதல் தடவை தெரியாததால் இழுத்தார்களா என்ற வேறுபாடு மிகவும் முக்கியம். இரண்டையும் ஒன்றாக எண்ணி மகிழ்ந்துவிடக் கூடாது. முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, திரையை விட்டுவிட்டுப் பார்ப்பவருடைய கண்ணைக் கவனிக்க வேண்டும். கைத்தொலைபேசியை எடுக்கும் இடம், இருக்கையில் அசையும் இடம், புருவம் சுருங்கும் இடம் ஆகியவற்றை மணித்துளியோடு குறித்துக்கொண்டால், அவர் பிறகு வாயால் சொல்வதைவிட அது அதிகம் சொல்லும்.

எடிட் பற்றிய கருத்துகளில் பெரும்பாலானவை நீளத்தைப் பற்றியவையே. ஸ்கேட் காணொளியில் ஒரு ஸ்கேட்டருடைய பகுதி மூன்று நிமிடம் என்பது பாட்டின் நீளத்திலிருந்து பிறந்த வழக்கம்; பாட்டு முடியும்வரை நிரப்ப வேண்டும் என்று எண்ணி, இரண்டாந்தர ட்ரிக்குகளை நடுவில் திணிக்கிறார்கள். எதை எடுக்கலாம் என்று கேட்டால் எவரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு வடிவம் செய்து, நீளமானதை ஒரு குழுவிடமும் குறுகியதை இன்னொரு குழுவிடமும் காட்டினால் விடை வந்துவிடும். ஒரே ட்ரிக்கை இரண்டு கோணத்தில் அடுத்தடுத்துக் காட்டும் பழக்கத்தையும் நான் அடிக்கடி கேள்விக்குள்ளாக்குவதுண்டு. இரண்டாம் கோணம் முதற்கோணம் காட்டாத ஒன்றைக் காட்ட வேண்டும். படிகளின் உயரத்தையோ, காலின் அசைவையோ காட்டினால் இருக்கட்டும். அப்படி ஒன்றும் இல்லாமல் திரும்ப வந்தால், முதல் தடவை கிடைத்த அதிர்ச்சியை அது மங்கச் செய்கிறது.

மெதுவோட்டக் காட்சிகள் மேல் எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. இயக்குநர்கள் ஸ்பைக் ஜோன்ஸ், டை எவன்ஸ் ஆகியோரின் பங்களிப்பில் 2007-இல் லக்காய் என்ற ஸ்கேட் காலணி நிறுவனம் வெளியிட்ட "ஃபுல்லி ஃப்ளேர்ட்" காணொளியின் தொடக்கத்தில், ஸ்கேட்டர்கள் தாண்டும்போதே தடைகள் வெடித்துச் சிதறுவதை மிக மெதுவாகக் காட்டிய காட்சி பலரையும் பித்துப்பிடிக்க வைத்தது. அவர்களிடம் அதற்கான அதிவேகக் கமராக்களும் போதிய வெளிச்சமும் இருந்தன. சவுத்பேங்கின் அரை இருட்டில் விநாடிக்கு 120 ஃபிரேம் வைத்து எடுத்தால், ஷட்டர் 120-இல் ஒரு பங்கைவிட மெதுவாக இருக்க முடியாது. வெளிச்சம் போதாமல் படம் மணல்போலப் பொரிந்துவிடும், மேலே சொன்ன விளக்குத் துடிப்பும் வந்து சேரும். அதைவிடப் பெரிய இழப்பு வேகம். ஒருவன் எவ்வளவு விரைவாக வந்து அந்தத் தடையைத் தாண்டினான் என்பதுதான் ஸ்கேட்டிங்கில் துணிவின் அளவு. அதை மெதுவாக்கினால் அளவுகோலே பறிபோய்விடுகிறது. பலகை சுழல்வது மிகச் சிக்கலாக இருந்து கண்ணால் பிடிக்க முடியாத இடத்தில் மட்டும், இயல்பு வேகத்தில் காட்டிய பிறகு, மெதுவாகக் காட்டலாம் என்பேன். மெதுவாக்கிய இடத்தில் இயற்கை ஒலி கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். அந்த இடத்தில் பார்ப்பவர்கள் தொய்வதற்கு அதுவே பாதிக் காரணம்.

பாட்டு விடயத்தில் எல்லோரும் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். தாளத்தின் அடி, பலகை எழும்பும் இடத்தில் விழ வேண்டுமா, இறங்கும் இடத்தில் விழ வேண்டுமா என்று வாதாடுவோர் உண்டு. என் காதுக்கு இறங்கும் இடமே சரியாகப் படுகிறது. நான்கு சக்கரங்களும் தரையில் பதியும் ஓசையே ஒரு தாள அடிதானே. ஆனால் எல்லா ட்ரிக்கையும் அப்படிப் பொருத்தினால், அடுத்தது எப்போது வரும் என்று பார்ப்பவர் முன்கூட்டியே அறிந்துவிடுவார். பாட்டின் சத்தத்தைக் குறைத்துச் சக்கர ஒலியை மேலே கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லாத எடிட் அரிது.

நன்கு அறிந்த இருவர் நேர்மாறாகச் சொல்லும் நிலையும் வரும். ட்ரிக்கின் நடுவே ஜூம் செய்யக் கூடாது, முழு உடம்பும் எப்போதும் ஃபிரேமுக்குள் இருக்க வேண்டும் என்பது பலரும் விதியாகச் சொல்வது. ஸ்கேட் ஒளிப்பதிவாளர் வில்லியம் ஸ்ட்ரோபெக் 2014-இல் சுப்ரீம் என்ற ஆடை நிறுவனத்துக்காக எடுத்த "செரி" காணொளியில் கமரா காலுக்கும் முகத்துக்கும் தாவித் தாவி ஜூம் போகிறது. ட்ரிக் ஓரத்தில் நடக்க, நின்று பார்க்கும் இன்னொருவன் முகத்தில் நிற்கிறது. அது வெறுப்பையும் ஈட்டியது, பெரும் பின்பற்றலையும் ஈட்டியது. அவர் அதற்கு முன்பு பல ஆண்டுகள் தெருக்களில் நின்று வழக்கமான முறையில் எடுத்தவர் என்பதை அவரைப் பின்பற்றும் இளையவர்களிடம் நான் எடுத்துச் சொல்வேன். ஒருவர் "ஜூம் வேண்டாம்" என்றும் இன்னொருவர் "இன்னும் நெருங்கு" என்றும் சொன்னால், இருவரும் சுட்டும் மணித்துளி ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒன்றாக இருந்தால் அந்த இடத்தில் ஏதோ குறை இருப்பது உறுதி. மருந்து மட்டும் வேறாகச் சொல்கிறார்கள். மருந்தைத் தேர்வது நம் பொறுப்பு. வேறு வேறு இடங்களைச் சுட்டினால் அது ரசனை வேறுபாடு. ஒருவர் சொன்னார் என்பதற்காக மாற்ற வேண்டியதில்லை.

வெளியிட்ட பிறகு வரும் கருத்தால் அந்தக் காணொளிக்கு ஒரு பயனும் கிடையாது என்பதால், நான் மூன்று கட்டங்களில் காட்டுகிறேன். அன்றைய படப்பிடிப்பு முடிந்ததும், ஸ்கேட்டரோடு அங்கேயே கமராவின் சிறிய திரையில் பார்ப்பது முதலாவது. இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருந்தால் ஆள், இடம், வெளிச்சம் மூன்றும் இன்னும் கையில் இருக்கும். கிளிப்புகளைப் பாட்டில்லாமல் வரிசைப்படுத்தி இன்னோர் ஒளிப்பதிவாளரிடம் காட்டுவது இரண்டாவது. பாட்டு இல்லாதபோது பலவீனமான கோணங்கள் மறைய முடியாது. முடிந்த எடிட்டை ஒரு வாரம் திறக்காமல் வைத்துவிட்டு, பிறகு ஸ்கேட்டிங் அறியாத ஒருவரோடு உட்கார்ந்து பார்ப்பது மூன்றாவது.

கருத்துச் சொன்னவர்களுக்குத் திருத்திய வடிவத்தைத் திரும்ப அனுப்ப வேண்டும். அதோடு, அவர்கள் சொன்னவற்றில் எவற்றை மாற்றினேன், எவற்றை மாற்றவில்லை, ஏன் என்று நாலு வரி எழுதுவேன். தங்கள் சொல் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தவர்கள் அடுத்த தடவை இன்னும் நுட்பமாகப் பார்க்கிறார்கள். மாற்றாமல் விட்டதற்குக் காரணம் சொன்னால் கோபிப்பதும் இல்லை, சில வேளை திரும்ப வாதாடி என்னை ஒப்புக்கொள்ளவும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லூரி இளைஞனுக்கும் இதையே சொல்லியிருக்கிறேன். அவன் அதே லைனைத் திரும்ப எடுத்து அனுப்பியபோது கிக்ஃபிளிப்பில் தூரம் சரியாகிவிட்டிருந்தது, சரிவில் சக்கரங்கள் இன்னும் ஃபிரேமுக்குக் கீழேதான் இருந்தன. அடுத்த கடிதம் அதைப் பற்றி எழுதினேன்.